மூணு சக்கர வண்டியோட முன் போர்க்: சீல் மாத்தியும் ஒழுகுறது ஏன் நிக்கல?

(ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் மேல இருக்குறது அவங்க ஊர் பேரு.)

பேட்டை

பைக்கோட முன்பாதியை வச்சுக்கிட்டு, பின்னாடி ரெண்டு சக்கரமும் தட்டும் போட்டுக் கட்டுன வண்டிகள்ல திரும்பத் திரும்ப வர்ற புகார் ஒண்ணுதான். முன் போர்க்ல (சக்கரத்தைப் பிடிச்சு, ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள இருக்குற ரெண்டு கால்) ஆயில் சீல் மாத்தி ரெண்டு மாசத்துல மறுபடி ஒழுகுது. சீலைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. பைக் வளைவுல சாயும், பாரம் போர்க் பைப்போட நீளவாக்குலயே இறங்கும். மூணு சக்கரம் சாயாது. வளைவுல முன் சக்கரத்தைப் பக்கவாட்டுல தள்ளுற விசை முழுசும் போர்க்கை வளைக்கப் பாக்கும். பைப்பும் பாட்டமும் (பைப் உள்ள போய் வர்ற கீழ்க் குழாய்) உரசுற இடம் ஒரு பக்கமாத் தேயும். பைப் ஆட ஆரம்பிச்சதும் சீலோட உதடு (பைப்பை ஒட்டி நிக்கிற ரப்பர் விளிம்பு) ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விலகும். ஆயில் வர்றது அந்த இடைவெளி வழியாத்தான்.

அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே ஆட்டம் எங்கேன்னு பாத்துக்கிடுங்க. பின் சக்கரம் ரெண்டுக்கும் கல்லு வச்சு, சேஸிக்கு அடியில ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கணும். ஒருத்தர் பாட்டம் ரெண்டையும் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டட்டும். இன்னொருத்தர் தலைக் குழாய்க்கும் (ஹேண்டில் தண்டு சுத்துற சேஸிக் குழாய்) கீழ் டி-க்கும் (ரெண்டு பைப்பையும் சேத்துப் பிடிக்கிற கட்டை, மேலயும் ஒண்ணு உண்டு) நடுவுல விரலை வைக்கட்டும். ஆட்டம் அங்க தெரிஞ்சா கோன் செட் (ஹேண்டில் தண்டோட பேரிங்), சீல் பக்கம் தெரிஞ்சா பைப்பும் பாட்டமும். ஹேண்டிலை மெதுவாத் திருப்பும்போது நேர் நிலையில 'டக்'குன்னு உக்காந்தா பால் ரேஸ்ல (பேரிங் குண்டு ஓடுற வளையம்) குழி விழுந்தாச்சு. கிரீஸ் வச்சு இறுக்கி அதைச் சரிபண்ண முடியாது, செட்டோட மாத்தணும்.

களக்காடு

அண்ணாச்சி சொன்னது அப்படியே சரி. இந்தப் பக்கம் வாழைத்தார் ஏத்துற வண்டிகள்ல, பாரம் பின்னாடிதானேன்னு முன் போர்க்கைக் கவனிக்காம விட்டுருதாங்க. பிரேக் பிடிச்சா அந்தப் பாரம் முன்னாடிதான் வரும்.

கழட்டுற வரிசை முக்கியம். மேல் டி-யோட இறுக்குப் போல்ட்டை மட்டும் தளர்த்திட்டு, பைப் வண்டியில இருக்கும்போதே மேல் மூடியை ஒரு சுத்து தளர்த்திரணும். வெளிய எடுத்த பிறகு பைப்பை வைஸ்ல பிடிச்சா குரோம் போயிரும். பாட்டத்துக்கு அடியில இருக்குற ஆலன் போல்ட்டையும் ஸ்பிரிங் உள்ள இருக்கும்போதே தளர்த்துங்க. ஸ்பிரிங் அமுக்கம் இல்லைன்னா உள்ள இருக்குற டேம்பர் ராடு சேந்து சுத்தும், போல்ட் கழறாது. அதுல உள்ள காப்பர் வாஷரைத் திருப்பி மாட்டாம புதுசு போடுங்க.

பைப்பைக் கண்ணாடி மேல உருட்டுனாலே பெண்டு (வளைவு) தெரியும். அளவு வேணும்னா வி பிளாக் (வி வெட்டு உள்ள தாங்குகட்டை) ரெண்டுல படுக்க வச்சு, நடுவுல டயல் கேஜ் (முள்ளு உள்ள அளவுகருவி) வச்சுச் சுத்துங்க. முள்ளு காட்டுற மொத்த அளவுல பாதிதான் உண்மையான வளைவு. பல கம்பெனி மேனுவல்ல 0.2 மி.மீ. தான் எல்லை. பைக்குனா லேசான பெண்டை பிரஸ்ஸுல எடுத்து ஓட்டுதாங்க. மூணு சக்கரத்துக்கு அது வேண்டவே வேண்டாம். பைப் வளையுறது கீழ் டி-க்கு ஒட்டிக் கீழேதான். திரும்ப நிமித்துன இடத்துலயே அடுத்த விசையும் விழும், விரிசல் அங்கதான் விடும்.

சின்ன சி.சி. பைக் பலதுல பாட்டத்துக்குள்ள தனி புஷ் (தேய்மானத்தைத் தாங்குற உள்வளையம்) கிடையாது, பைப் அலுமினியத்துலயே ஓடும். அது முட்டை வடிவமாத் தேஞ்சிருந்தா ரெண்டு வழி: புதுப் பாட்டம், இல்லைன்னா லேத் பட்டறையில கடைஞ்சு வெண்கல புஷ் ஏத்துறது. பைப் தன் எடையில மெதுவா இறங்கணும், பக்கவாட்டுல ஆடக் கூடாது. டெஃப்லான் புஷ் உள்ள போர்க்குன்னா, முக்கால்வாசிப் பரப்புல செம்பு நிறம் தெரிஞ்சா மாத்திருங்க.

சீல் ஏத்தும்போது பைப் முனையில பால் பாக்கெட் கவர் ஒண்ணைச் சுத்தி, போர்க் ஆயில் தடவித் தள்ளுங்க. முனை உதட்டைக் கிழிச்சா புது சீலும் அன்னைக்கே ஒழுகும். சீலோட வெளி விட்டத்துக்குச் சரியான பி.வி.சி. பைப்பை மேல வச்சுத் தட்டுனா நேரா உக்காரும். ஸ்குரூடிரைவரால சுத்தித் தட்டாதீங்க.

மேலப்பாளையம்

ஆயில் பத்திச் சேத்துக்கிடுதேன். நிறைய வண்டியில 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயிலை ஊத்தி விட்டுருக்காங்க. போர்க்குக்கு அது ரொம்பக் கெட்டி. ஒரு மேட்டுல அமுங்குனது எழும்புறதுக்குள்ள அடுத்த மேடு வந்துரும். மூணு வேகத்தடை தொடர்ந்து ஏறுனா போர்க் அடியிலயே கிடக்கும், அடி முழுசும் டி-க்குப் போகும். 10 டபிள்யூ போர்க் ஆயில் (எண் கூடக்கூட ஆயில் கெட்டி) பொதுவாப் போதும். பாரம் ஏத்துற வண்டிக்கு 15, மிஞ்சிப் போனா 20.

மில்லி கணக்கை மட்டும் நம்பாதீங்க, பழைய ஆயில் உள்ள கொஞ்சம் நிக்கும். ஸ்பிரிங்கை எடுத்துட்டு, பைப்பை முழுசா இறக்கி, பத்து தடவை மெதுவாப் பம்ப் பண்ணி, காத்துக் குமிழி அடங்குன பிறகு மேல் விளிம்புல இருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேல் விட்டு அளங்க. ரெண்டு காலுக்கும் 2 மி.மீ.க்கு மேல வித்தியாசம் கூடாது. கூடுதலா ஊத்துனா மேல இருக்குற காத்து இறுகி சீலைத் தள்ளும்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தா மேல பி.வி.சி. துண்டு வைக்கிறது நல்ல வழிதான், ரெண்டு முனையிலயும் வாஷர் வேணும். 10 மி.மீ.ல ஆரம்பிங்க. பைப்புல ஒரு கேபிள் டை கட்டி, வழக்கமான பாரத்தோட ஆள் ஏறுனா எவ்வளவு அமுங்குதுன்னு பாருங்க. 120 மி.மீ. ஓட்டம் (முழுசா அமுங்குற தூரம்) உள்ள போர்க்னா 30ல இருந்து 40 சரி. துண்டை நீளமா வச்சுக்கிட்டே போனா சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டி, போர்க் கம்பி மாதிரி ஆயிரும்.

உவரி

கடற்கரை வண்டிக்கு எதிரி உப்பு. மீன் பெட்டித் தண்ணி வேற. குரோம்ல ஊசிக்குத்து மாதிரித் துரு விழும். சீல் ஓடுற பகுதியில விழுந்தா, ஒவ்வொரு தடவையும் உதட்டை அரம் மாதிரி அறுக்கும். அதுக்கு மேல டி-க்குள்ள இருக்குறது பரவாயில்ல. குழி விழுந்த பைப்பை எமரி போட்டுத் தேச்சு ஓட்டுறது சில வாரந்தான். ஹார்டு குரோம் ஏத்திப் பழைய அளவுக்கே கிரைண்ட் பண்ணணும், இல்லைன்னா புது பைப்.

குட்டம் தேரிப் பக்கம் ஓடுற வண்டிக்குச் செம்மண்தூள் சீலுக்கு மேல இருக்குற டஸ்ட் கவருக்குள்ள நிக்கும். வாரம் ஒரு தடவை கவரைத் தூக்கித் துணியால துடைச்சு, சீலுக்கு மேல சிலிக்கான் கிரீஸ் விரல்நுனி அளவு. வாளித் தண்ணி ஊத்திக் கழுவுங்க, பிரஷர் பம்பை சீல் பக்கமும் கோன் பக்கமும் காட்டாதீங்க.

வள்ளியூர்

ஹேண்டில் கனம்னு சொல்ற வண்டிக்கு வேற கணக்கு இருக்கு. தலைக் குழாயோட நடுக்கோட்டுக்கு நூல் பிடிச்சுத் தரையில ஒரு புள்ளி, சக்கர அச்சுல இருந்து தூக்குக்குண்டு விட்டு இன்னொரு புள்ளி. ரெண்டுக்கும் இடையில உள்ள தூரம்தான் டிரெயில். அது கூடுனா ஹேண்டில் நேரா நிக்கும், ஆனா திருப்பக் கனக்கும். 18 இன்ச் ரிம்முல ஆரம் சுமார் 300 மி.மீ., தலைக் குழாய்ச் சாய்வு செங்குத்துல இருந்து 27 டிகிரி, தலைக் குழாய்க் கோட்டுல இருந்து அச்சு 60 மி.மீ. தள்ளின்னா டிரெயில் 85 வரும். பைக்குக்கு நல்லது, சாயாத வண்டிக்குக் கை வலி. அந்த 60ஐ 90 ஆக்குனா டிரெயில் 52க்கு இறங்கும். அதுக்குக் கீழ போகாதீங்க. போனா பணகுடி பக்கம் ஆனி, ஆடிக் காத்துல முன் சக்கரம் அலையும், 30, 40 வேகத்துலயே ஹேண்டில் நடுங்கும்.

தள்ளி வச்ச டி-யைக் கட்டியான இரும்புல கடைஞ்சு எடுக்கணும். வார்ப்பு டி-யை அறுத்து வெல்டு வச்ச வண்டிகள்ல வெல்டு ஓரத்துல முடி விரிசல் விட்டதைப் பாத்திருக்கோம். அறுந்தா சக்கரம் தனியாப் போயிரும். வண்டி அமைப்பை மாத்துறதைப் பத்தி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கு, ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம இந்த வேலையைத் தொடாதீங்க.

கோன் செட்டை மாத்துறப்ப டேப்பர் ரோலரே (குண்டுக்குப் பதிலா கூம்பு உருளை உள்ள பேரிங்) போடுங்க. இறுக்கி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஆறு தடவை ஹேண்டிலைத் திருப்பி, தளர்த்தி, மறுபடி லேசா இறுக்கணும். நூறு கிலோமீட்டர் ஓடுனதும் திரும்பப் பாருங்க, ரேஸ் உக்காந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பாளையங்கோட்டை

சைடு வீல் வச்ச ஆக்டிவாவுக்கும் இதே முறையாண்ணே?

பேட்டை

2020ல வந்த 6ஜி-யில இருந்து டெலஸ்கோப்பிக் (பைப் பாட்டத்துக்குள்ள போய் வர்ற வகை), அதுக்கு இதெல்லாம் பொருந்தும் தம்பி. அதுக்கு முந்தின 110 சி.சி. ஆக்டிவா லிங்க் வகை (சக்கரம் ஒரு சின்னக் கையில நிக்கும்). அதுல ஷாக்கைப் பிரிக்க வழியில்ல, அப்படியே மாத்தணும். லிங்க் புஷ்ஷும் போல்ட்டும் தேஞ்சா சக்கரம் பக்கவாட்டுல ஆடும், அதை முதல்ல பாருங்க. எந்த வகையா இருந்தாலும் அச்சு நட்டை இறுக்குன பிறகு பிரேக் பிடிச்சு நாலு தடவை முன்பக்கத்தை அமுக்கி விடுங்க. டெலஸ்கோப்பிக்ல அடி பிஞ்ச் போல்ட்டை (அச்சை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்) அதுக்கப்புறந்தான் இறுக்கணும். முதல்லயே இறுக்குனா ரெண்டு காலும் இணையா நிக்காம பிடிக்கும், புது சீலும் ஒரு பக்கமாத்தான் தேயும்.