வளைவுக்கு முன்னால் இரவுப் படிப்பு

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பள்ளிக்கூட வாசலில் சங்கத்தின் பெயரில் வளைவு கட்டலாம் என்று மஸ்கட் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பணத்தை முதலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் இரவுப் படிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நம்முடையது உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. அதே முப்பத்துச் சொச்சம் முகங்கள்தான் ஐந்து வருஷமும். இன்றைக்குச் சண்டை போட்டாலும் நாளைக்கு அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அதனால் எந்தச் சண்டையும் சத்துணவு மணி வரைக்கும்கூடத் தாங்காது. இப்போது பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை. எங்கள் செட்டு 1994. அப்போதெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒன்று. எங்கள் வகுப்பில் ஒருவன் முட்டை தொட மாட்டான். தன் பங்கை ஒவ்வொரு தடவையும் வேறு ஆளுக்கு, முறை வைத்துக் கொடுப்பான். முறை தவறி யாரும் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்ததும் இரவுப் படிப்பு தொடங்கிவிடும். ஆளுக்கொரு கைடு வாங்க யாரிடம் காசு இருந்தது? நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவோம். முதுகைப் பிரித்து, பாடம் பாடமாகக் கோணி ஊசியால் தைத்துச் சுற்றுக்கு விடுவோம். இயற்கணிதம் என்னிடம் இருந்தால் வடிவியல் இன்னொருத்தரிடம் இருக்கும். பையன்கள் பத்து மணி வரை படிப்பார்கள். பெண் பிள்ளைகள் நாங்கள் இருட்டு ஏறுமுன் வீடு திரும்பியாக வேண்டும். கணக்கு சார் அதற்கப்புறம் நடத்தியதைப் பையன்கள் அந்தந்தப் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்து, காலையில் எங்கள் பெஞ்சில் வைத்துவிடுவார்கள். நேருக்கு நேர் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. ஆனால் அந்த ஓரக் குறிப்புகள் இல்லையென்றால் நான் கணக்கில் தேறியிருக்க மாட்டேன்.

பத்து முடிந்ததும் சிதறிவிட்டோம். சிலர் மேல்நிலைக்குப் பட்டுக்கோட்டை, சிலர் ஐடிஐ, சிலர் திருப்பூர் பனியன் கம்பெனி. பெண்களில் பாதிப் பேர் படிப்பை அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லை, டவர் இல்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூடத் தெரியாமல் தவித்தேன். ஊரில் இருந்த எங்கள் செட்டுப் பையன்கள், வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்கெல்லாம் சாய்ந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி வந்து ஒவ்வொருவருக்காகச் சொன்னார்கள். "அம்மா நல்லா இருக்காங்க, ஓடுதான் போச்சு." எனக்கு அப்படிச் சொன்னவனோடு நான் பள்ளிக்கூடத்தில் பத்து வார்த்தை பேசியிருப்பேனா என்பதே சந்தேகம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரவுப் படிப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சுண்டல், கரண்ட் போனால் எரிய ஒரு இன்வெர்ட்டர், பெண் பிள்ளைகள் கடைசி வரை இருந்து படித்துவிட்டு வீடு போய்ச் சேர ஒரு வேன். வேன்தான் முதலில். 2022-ல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுத்தால் கணக்கும் சுத்தமாக இருக்கும். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுகிற பொறுப்பை எங்கள் செட்டு எடுத்துக்கொள்கிறது. பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் பதில் போட்டுவிட்டால் இந்த வருஷப் பிள்ளைகளுக்கே வேன் ஓட ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
1994 செட்டு, சிங்கப்பூரிலிருந்து