முன்னாள் மாணவர் செய்திப் பக்கம்: எதைப் போடுவது, எந்தச் சொல்லில் போடுவது?

மடல்_செயலர் (கேள்வி):
வணக்கம். அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கத்துக்காகக் கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் செய்திமடலில் நான்கு பக்கம் "நம்மவர்" பகுதி. பதவி உயர்வு, விருது, முனைவர் பட்டம், காப்புரிமை, அரசுப் பணித் தேர்வு எல்லாம் அதில்தான் வரும். பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வாழ்த்துப் படங்களே மூலம். படத்தில் இருப்பதை அப்படியே போட்டால் தவறு வருகிறது. ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் கேட்டால் மனத்தாங்கல் வருகிறது. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள். எதை, எங்கே சரிபார்ப்பது, எந்த நிலையில் எந்தச் சொல்லைப் போடுவது என்று பழகியவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்பர்:
சான்றிதழ் கேட்பதற்கு முன்னால், "இது எந்தப் படியில் நிற்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடியும். வாழ்த்துப் படம் எப்போதும் கடைசிப் படியைச் சொல்லும். விஷயம் பெரும்பாலும் நடுப்படியில்தான் இருக்கும்.

காப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்து அது காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியிட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வரும் அந்த இதழில் பெயர் வந்ததும் "காப்புரிமை பெற்றார்" என்று படம் போட்டுவிடுகிறார்கள். அது வெறும் வெளியீடு. அதன்பின் ஆய்வுக்கு படிவம் 18, ஆய்வறிக்கை, ஆட்சேபணைக்குப் பதில், பிறகுதான் வழங்கல். எண்ணைக் கேளுங்கள். 2023 என்று ஆண்டில் தொடங்கி 12 இலக்கம் இருந்தால் அது விண்ணப்ப எண். ஆண்டுக்கு அடுத்த இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகத்தில் போட்டது. வழங்கப்பட்ட காப்புரிமைக்குத் தனி எண் உண்டு. காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் இரண்டில் எந்த எண்ணைப் போட்டாலும் நிலை தெரிந்துவிடும். அதற்குத் தக்கபடி "விண்ணப்பித்துள்ளார்", "விண்ணப்பம் வெளியாகியுள்ளது", "காப்புரிமை வழங்கப்பட்டது" என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள்.

இதில் இன்னொரு வலை உண்டு. "டிசைன் பேட்டன்ட்" என்று வருவது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படியான பதிவு. 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5. கண்டுபிடிப்புக்கான காப்புரிமை 1970 சட்டப்படி, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. "பிரிட்டன் காப்புரிமை" என்று பேராசிரியர்கள் அனுப்பும் பலதும் அங்கே செய்த வடிவமைப்புப் பதிவுதான். புதுமை உண்டா என்று ஆராயாமலே அங்கு அதைப் பதிவு செய்துவிடுவார்கள். அதைப் போடக்கூடாது என்றில்லை. "வடிவமைப்புப் பதிவு" என்று போடுங்கள்.

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்விலும் இதே கதை. இறுதிப் பட்டியலில் தரவரிசையும், பதிவெண்ணும், பெயரும் இருக்கும். எந்தப் பணி என்று இருக்காது. தரவரிசை, விருப்ப வரிசை, காலியிடம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் பார்த்துப் பணி ஒதுக்கீடு பிறகுதான் வரும். எனவே பட்டியல் வந்த வாரத்தில் "ஐ.ஏ.எஸ். ஆனார்" கூடாது. "குடிமைப் பணித் தேர்வில் இந்திய அளவில் இத்தனையாவது இடம்" போதும். ஒதுக்கீடு வந்தபின் அடுத்த மடலில் இன்னொரு வரி. வருவாய்ப் பணி கிடைத்தவரை ஆட்சியர் ஆக்கிவிட்டால் கூச்சப்படுவது அவர்தான்.

உயர் நீதிமன்ற நீதிபதி நியமனமும் அப்படித்தான். கொலீஜியம் (நீதிபதிகளின் பெயரைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) பரிந்துரைத்த அன்றே பேனர் வைத்துவிடுவார்கள். மத்திய அரசின் அறிவிக்கை வரும்வரை அது பரிந்துரை மட்டுமே. அறிவிக்கையிலும் "கூடுதல் நீதிபதி" என்றிருந்தால் அப்படியே எழுதுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு நாளை எடுத்துக்கொள்வது வழக்கம். பல்கலைக்கழகம் பட்டம் அறிவித்துக் கொடுக்கும் ஆணையோ தற்காலிகச் சான்றோ வந்திருந்தால் "பெற்றார்", இல்லாவிட்டால் "வாய்மொழித் தேர்வை நிறைவு செய்தார்". சோத்கங்கா என்ற ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடு இல்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பதிவேட்டுக்காரர்:
பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெயர்களைப் பெயராலும் முதலெழுத்தாலும் மட்டும் அடையாளம் காணவே முடியாது. "எஸ். முருகன், வேதியியல்" என்று தேடினால் பத்தாண்டுக்கு மூன்று பேர் கிடைப்பார்கள். பதிவெண், துறை, முடித்த ஆண்டு மூன்றும் பொருந்தினால்தான் ஏற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவெண் நினைவில்லை என்பார்கள். மதிப்பெண் பட்டியலின் படத்தை அனுப்பச் சொல்லலாம். அதில் பதிவெண் இருக்கும்.

பெண்களுக்குப் படிவத்தில் "கல்லூரியில் இருந்த பெயர்" என்று தனிக் கட்டம் வையுங்கள். தந்தை முதலெழுத்து கணவர் முதலெழுத்தாக மாறியிருந்தால் பழைய பதிவேட்டில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. மடலில் இரண்டையும் போட்டால்தான் வகுப்புத் தோழிகளுக்கும் ஆள் புரியும்.

ஆண்டு விஷயத்தில் சேர்ந்த ஆண்டை மட்டும் வைக்காதீர்கள். பொறியியல் கல்லூரிகளில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர் வகுப்போடு ஒன்றாக முடிப்பார், சேர்ந்த ஆண்டு மட்டும் வேறு. "1989–92" என்று இரண்டையும் குறித்து, முடித்த ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்.

பலர் கவனிக்காத இடம் பல்கலைக்கழகத்தின் பெயர். நெல்லைக் கல்லூரி ஒன்றில் 1960-ல் முடித்தவருக்குப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. 1975-ல் முடித்தவருக்கு 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்துடையது. 1995-ல் முடித்தவருக்கு 1990-ல் வந்த மனோன்மணியம் சுந்தரனாருடையது. ஒரே கட்டடம், மூன்று பல்கலைக்கழகம். அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்தார். பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது 1982-ல். அவரை "பாரதிதாசன் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்" என்று எழுதினால் கதை முடிந்தது. அவர் அடுத்துப் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் 1978-ல்தான் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. ஆகவே கல்லூரிப் பெயரை எழுதுங்கள். பல்கலைக்கழகம் அவசியமானால் பட்டச் சான்றில் உள்ளபடி.

யார் முன்னாள் மாணவர் என்பதையும் சங்க விதியில் ஒருமுறை தீர்த்துவிடுங்கள். ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பிறகு சென்னை பச்சையப்பனிலும் படித்தார், இரண்டிலும் பட்டம் வாங்கவில்லை. அதற்காக அவரை விட்டுவிட முடியுமா? "படித்தவர்" என்று எழுதலாம், "பட்டதாரி" என்று எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

தலைப்புச்சொல்:
மேலே இருவர் சொன்னதோடு பதவிப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழாக்கம் செய்யப் போய்த்தான் பெரிய தவறு வருகிறது. வங்கிகளிலும் ஐ.டி. கம்பெனிகளிலும் வைஸ் பிரசிடென்ட் என்பது நடுநிலைப் பதவி. ஒரே அலுவலகத்தில் பல பேர் இருப்பார்கள். "துணைத் தலைவர்" என்று போட்டால் தலைவருக்கு அடுத்த ஆள் என்று ஊர் நம்பும். "டைரக்டர்" அதைவிட மோசம். ஐ.டி.யில் அது ஒரு கிரேடு. கம்பெனிச் சட்டப்படி இயக்குநர் என்றால் நிர்வாகக் குழு உறுப்பினர், அவருக்கு இயக்குநர் அடையாள எண் இருக்கும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். இஸ்ரோவில் பணி தொடங்கும் நிலை "எஸ்.சி.", எஸ்.டி., எஸ்.இ., எஸ்.எஃப்., எஸ்.ஜி. என்று மேலே போகும். "இஸ்ரோ விஞ்ஞானி" என்பது செய்தி அல்ல, "எஸ்.எஃப். நிலைக்கு உயர்ந்தார்" என்பதுதான் செய்தி.

"ஃபெல்லோ" என்ற சொல்லைக் கண்டால் நின்று பாருங்கள். எஃப்.ஆர்.எஸ். என்பது லண்டன் ராயல் சொசைட்டி தேர்ந்தெடுப்பது. அதோடு ஓர் எழுத்து கூடிய எஃப்.ஆர்.எஸ்.ஏ. ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்ற வேறொரு சங்கத்துடையது, ஆண்டுக் கட்டணம் உண்டு. எஃப்.ஆர்.எஸ்.சி. என்று வந்தால் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியா, கனடா ராயல் சொசைட்டியா என்று கேட்டே ஆகவேண்டும். ஐ.இ.இ.இ. என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பில் புதிதாக ஃபெல்லோ ஆவோர் ஆண்டுதோறும் வாக்குரிமை உறுப்பினர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் போகாது. சீனியர் மெம்பர் அதற்குக் கீழ்ப்படி; பத்தாண்டு தொழில் அனுபவமும் பரிந்துரையும் இருந்தால் விண்ணப்பித்து வாங்கலாம். இரண்டும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வரக்கூடாது.

மடல்_செயலர்:
மிக்க நன்றி. இரண்டு சங்கடங்கள் மிச்சம். பத்மஸ்ரீ வாங்கியவர் பெயருக்கு முன்னால் அதைப் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் "கௌரவ டாக்டர்". சங்கக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர்.

மெய்ப்பர்:
முதலாவதை மறுக்கத் தயக்கமே வேண்டாம். பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்த விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் பயன்படுத்தக் கூடாது. "2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற இன்னார்" என்று வாக்கியத்துக்குள் வரலாம். தீர்ப்பின் பெயரைச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இரண்டாவதற்கு முதலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த நாட்டில் பட்டம் தரும் அதிகாரம் உண்டா என்று பாருங்கள். இந்திய முகவரி இருந்தால் சுலபம்: 1956 யு.ஜி.சி. சட்டம் 22-ஆம் பிரிவுப்படி யார் பட்டம் தரலாம் என்பது தெளிவு, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிடுகிறது. உண்மையான பல்கலைக்கழகமே கொடுத்திருந்தாலும் "கௌரவ முனைவர் பட்டம் வழங்கப்பட்டது" என்று ஒருமுறை சொல்லி, அடுத்த வரியிலிருந்து பெயரை மட்டும் எழுதுங்கள். நன்கொடைக்கு நன்றியை நன்கொடைப் பக்கத்தில் தாராளமாகப் போடலாம்.

விருதுகளுக்கு ஒரே சோதனைதான்: நுழைவுக் கட்டணமோ, மேடைக்கு டிக்கெட்டோ, கேடயத்துக்குக் காசோ உண்டா? உண்டென்றால் "நம்மவர்" பக்கத்தில் வேண்டாம். இதை விதியாக முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் ஆளைப் பார்த்து மறுத்ததாக ஆகாது.

தலைப்புச்சொல்:
கட்டணம் உண்டென்றாலே தள்ளுவது கொஞ்சம் கடுமை. தொழில் அமைப்புகள் சில நேர்மையான விருதுகளுக்கும் பரிசீலனைக் கட்டணம் வாங்குகின்றன. வென்றவரிடம் மட்டும் காசு கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் தள்ளிவிடுங்கள்.

பதிவேட்டுக்காரர்:
அந்தத் திருத்தம் சரி. சேகரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பை மூலமாக வைக்காதீர்கள், தகவல் வந்த துப்பாக மட்டும் வையுங்கள். படம் வந்ததும் அந்த நபருக்கே கூகுள் படிவத்தின் இணைப்பை அனுப்புங்கள். கட்டங்கள்: இப்போதைய பெயர், கல்லூரியில் இருந்த பெயர், பதிவெண், துறை, ஆண்டுகள், செய்தி என்ன, எந்தத் தேதியில், ஆணையின் படம், தமிழில் பெயரை எப்படி எழுதுவது. கடைசிக் கட்டத்தை விட்டால் "சரவணன்" "ஷ்ரவணன்" ஆகிவிடும்.

அதோடு "அச்சிலும் இணையத்திலும் வெளியிடச் சம்மதம்" என்று இரண்டு தனித்தனிக் குறிகள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பெற்றோரோ நண்பரோ அனுப்பிய தகவலை அவருடைய ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் ஏற்றுவது வீண் வம்பு. சம்பளம், கைபேசி எண், வீட்டு முகவரி கேட்கவே வேண்டாம்.

ஒரு செய்திக்கு 40 சொல். மடல் அச்சுக்குப் போவதற்கு ஆறு வாரம் முன்பு கடைசி நாள். தொகுத்த வரியை அவரவருக்கே அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிய பிறகே பக்க வடிவமைப்புக்குக் கொடுங்கள். ஆணைகளின் படங்களைப் பதிவெண் பெயரில் கோப்பாக்கி வைத்தால் கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு முன்னாள் மாணவர் பங்களிப்பு பற்றிக் கேட்கையில் தேடவேண்டியிருக்காது.

தவறு வந்தால் அடுத்த மடலில் அதே பக்கத்தின் அடியில் "திருத்தம்" கட்டம். இணையப் பிரதியை அன்றைக்கே மாற்றி, மாற்றிய தேதியையும் கீழே போட்டுவிடுங்கள்.