கலைச்சொல் விவாதம்: 'நான்காம் சுவரை உடைத்தல்' – ஒரே சொல் போதுமா?

> 'நான்காம் சுவரை உடைத்தல்' விமர்சனங்களில் ஏற்கெனவே பழகிவிட்டது. அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

வணக்கம் ஐயா.

நடிப்பவருக்கும் பார்வையாளருக்கும் நடுவே இருப்பதாக எண்ணிக்கொள்ளும் சுவருக்கு 'நான்காம் சுவர்' என்ற பெயர் இருக்கட்டும். 1758இல் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி தீதரோ நாடகக் கலை பற்றி எழுதும்போது, மேடை விளிம்பில் பெரிய சுவர் ஒன்று நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள், திரை தூக்கப்படவே இல்லை என்பதுபோல் நடியுங்கள் என்றார். 1887இல் இயக்குநர் ஆந்த்ரே அந்துவான் பாரிஸில் தொடங்கிய தியாத்ர் லீப்ர் என்ற நாடக அரங்கு அதைச் செய்தே காட்டியது. நடிகர் அவைக்கு முதுகு காட்டி நிற்கலாம் என்றானது. அந்தக் கற்பனைச் சுவரைக் குறிக்க இச்சொல் போதும்.

என் மறுப்பு 'உடைத்தல்' மீதுதான். அந்த ஒரு வினைக்குள் மூன்று வேறு செயல்களை அடைத்து வைத்திருக்கிறோம்.

பாத்திரம் வாய் திறக்காமல் நம்மைப் பார்ப்பது ஒன்று. லாரல்-ஹார்டி நகைச்சுவைப் படங்களில், லாரல் எதையாவது கெடுத்துவைத்த பிறகு ஆலிவர் ஹார்டி கேமராவைப் பார்க்கும் சலித்த பார்வை இந்த வகை. நம்மிடம் பேசுவது இன்னொன்று. 1990இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரில் அரசியல்வாதி பிரான்சிஸ் அர்கார்ட் தன் சூழ்ச்சிகளை நம்மிடம் சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் தான் ஒரு தொடரின் பாத்திரம் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு நாம் அந்தரங்கக் கூட்டாளி, அவ்வளவே. அங்கே எதுவும் உடையவில்லை. சொல்லப்போனால் நம்மைச் சுவருக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

மூன்றாவதுதான் உண்மையான உடைப்பு. இயக்குநர் ஹானெக்கே 1997இல் எடுத்த 'ஃபன்னி கேம்ஸ்' படத்தில், ஒரு குடும்பத்தைச் சிறைவைத்த இருவரில் ஒருவன் சுடப்பட்டதும் மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்து, நடந்து முடிந்த காட்சியையே பின்னோட்டி மாற்றிவிடுகிறான். கதைக்குள் இருப்பவனின் கை படச்சுருள் வரை நீள்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: பார்வைக்கு 'அவைநோக்கு', பேச்சுக்கு 'அவைவிளி', மூன்றாவதற்கு மட்டும் 'சுவருடைப்பு'.

———

> பார்வைக்கு 'அவைநோக்கு'...

'அவை' என்றதும் பட்டிமன்றமும் சட்டப்பேரவையும்தான் கண்முன் வருகின்றன. இரவு கைப்பேசியில் தனியே தொடர் பார்ப்பவர் ஒரு அவையா? 'கேமரா நோக்கு' என்றால் படப்பிடிப்புத் தளத்தில் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

———

விளக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் தவறாகப் புரியும். லென்சைப் பார்ப்பதெல்லாம் நம்மைப் பார்ப்பது அன்று.

1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி கிளாரிஸிடம் பேசும் ஆண்கள் பலமுறை லென்சை நேராகப் பார்க்கிறார்கள். கிளாரிஸின் பார்வையோ லென்சுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. அந்த ஆண்களின் பார்வை கிளாரிஸ் மேல் விழும் பார்வை. நாம் அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இதைக் 'கேமரா நோக்கு' என்று எழுதிவிட்டு, ஹார்டியின் பார்வைக்கும் அதே சொல்லைப் போட்டால், திரைப்பட மாணவர் இரண்டையும் ஒன்றென்றே படிப்பார். கேமரா என்பது கருவியின் பெயர். நமக்கு வேண்டியது பார்வை யாரைச் சேர்கிறது என்பதற்கான பெயர்.

இந்த வேறுபாடு படத்தொகுப்பு மேசையில் தினமும் வருவது. எதிரில் இருப்பவரைக் காட்டிவிட்டு, வெட்டி, லென்சைப் பார்க்கும் முகத்துக்குப் போனால், அந்தப் பார்வையை எதிரில் இருப்பவர் கணக்கில்தான் எழுதிக்கொள்வோம். அவைநோக்காக வேண்டுமென்றால் திரும்புதல் அதே ஷாட்டுக்குள் நடக்க வேண்டும்: எதிராளியிடமிருந்து கண் விலகி, லென்சில் நின்று, மறுபடி எதிராளியிடம் போக வேண்டும். அந்த முழு வளைவும் வெட்டுப்படாமல் இருந்தால் வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. நொடிக்கு 24 சட்டகத்தில் (ஃப்ரேம்) எட்டு சட்டகங்களுக்கும் குறைவாக நின்ற பார்வை, பெரும்பாலும் நடிகர் தவறிப் பார்த்துவிட்டதுபோலவே தெரியும்.

எடுக்கும்போது கெடுவது பெரும்பாலும் கண்கோடு, அதாவது நடிகரின் பார்வை போகும் திசை. நடிகருக்கும் லென்சுக்கும் 1 மீட்டர் இருக்கையில் பார்வை 5 செ.மீ. விலகினால் ஏறக்குறைய 3 பாகை பிசகும். அண்மைக் காட்சியில் அது நன்றாகவே தெரியும். 3 மீட்டரில் அதே 5 செ.மீ. ஒரு பாகைக்கும் குறைவு. விலகக் காரணங்கள் இரண்டு: முந்தைய ஷாட்டில் பார்வைக் குறியாக லென்ஸ் ஓரத்தில் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விடுவது, பக்கத்திலேயே மானிட்டரை வைப்பது. இரண்டும் கண்ணை இழுக்கும். நீண்ட பேச்சுக்கு, வசனத்தை ஓடவிட்டுக் காட்டும் டெலிபிராம்ப்டர் வைத்தால் இன்னொரு சிக்கல்: வரிகள் அகலமாக இருந்தால் கண்மணி இடவலமாக ஓடுவது திரையில் தெரியும். வரிகளின் அகலத்தைக் குறுக்கி, கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, நீளக் குவியத்தூர லென்ஸ் போட வேண்டும். வசனத்தைப் பிரதிபலிக்க லென்சுக்கு முன்னால் வைக்கும் சாய்கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கேற்ப லென்ஸ் துளையையும் திறக்க வேண்டும்.

ஒலியையும் விட்டுவிடக் கூடாது. நம்மிடம் பேசும் வரியை மட்டும் அறையின் எதிரொலி இல்லாமல் ஸ்டுடியோவில் மறுபதிவு செய்து ஒட்டினால், அது பின்னணிக் குரலாக மாறிவிடும். உதடு அசைந்தாலும் அந்த ஆள் அந்த அறையில் நின்று பேசவில்லை என்று காது சொல்லிவிடும்.

———

வசனங்களைத் தமிழாக்கும் வசனமாற்றப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். தனியாகப் பார்ப்பவர் அவையா என்று கேட்டீர்கள் ஐயா. அந்தக் கேள்வி எங்களுக்கு ஒவ்வொரு வரியிலும் வருகிறது. ஆங்கிலத்தில் பார்வையாளரை அழைக்கும் சொல் ஒருமையா பன்மையா, மரியாதை உண்டா இல்லையா என்று காட்டாது. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அர்கார்ட் வாயில் 'நீங்கள்' நன்றாக உட்காரும். அந்த மேட்டிமைக்கு அது பொருந்துகிறது. 2016இல் தொடங்கிய 'ஃப்ளீபேக்' நாயகி நடுச்சாப்பாட்டில் திரும்பி ஒற்றைச் சொல் சொல்லிவிட்டுப் போகிறவள். அவளுக்கு 'நீங்கள்' போட்டால் நெருக்கம் போய்விடும். 'பாரேன்' என்ற அளவில்தான் எழுத முடியும். எதைத் தேர்ந்தாலும் முதல் அத்தியாயத்திலேயே தீர்மானித்துக் குறித்துவைக்க வேண்டும். நடுவில் மாறினால் பாத்திரம் வேறு யாரிடமோ பேசுவதாகத் தோன்றும்.

அதே தொடரின் 2019 பருவத்தில், அவள் நம் பக்கம் திரும்பும் கணத்தைப் பாதிரியார் கவனித்துவிடுகிறார், எங்கே போய்விட்டாய் என்கிற பொருளில் கேட்டும்விடுகிறார். கோதார் 1965இல் எடுத்த 'பியரோ லெ ஃபூ'வில் இதற்கு முன்னோடி உண்டு: கார் ஓட்டும் நாயகன் பின்னால் திரும்பி நம்மிடம் ஏதோ சொல்ல, யாரிடம் பேசுகிறாய் என்று அருகில் இருப்பவள் கேட்கிறாள், பார்வையாளரிடம் என்கிறான். பார்வையற்றோருக்கான காட்சி விவரிப்பில் இத்தகைய இடங்களுக்குச் சொல் இல்லாமல் தடுமாறுகிறோம். 'அவைநோக்கு' போன்ற ஒரு சொல் இருந்தால் 'நம்மைப் பார்க்கிறாள்' என்று தைரியமாக எழுதலாம், 'கேமராவைப் பார்க்கிறாள்' என்று எழுத வேண்டியதில்லை. எனக்கு அவைநோக்கு, அவைவிளி இரண்டும் சம்மதம்.

———

> பழைய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் 'புறச்சொல்' போதாதா?

போதாது என்பதே என் எண்ணம். அங்கே உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என மூன்று உண்டு. நெஞ்சோடு கூறுவது உட்சொல். கேட்போர்க்கு உரைப்பது புறச்சொல். கேட்போர் என்பதில் எதிரில் நிற்கும் பாத்திரமும் அடங்கிவிடும். நமக்கு வேண்டியதோ அந்தப் பாத்திரத்தை விலக்கி அவைக்குச் சொல்வது. உட்சொல்லை மட்டும் நம் சொல்தொகுப்பில் 'தனிமொழி' என்ற பதிவில் இணைச்சொல்லாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

'அவை'யை நான் ஆதரிக்கக் காரணம் தெருக்கூத்து. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவிடம் பேசிக்கொண்டே கூடியிருப்போரிடமும் பேசுகிறான். அங்கே முதலில் சுவரே இல்லை. 'உடைத்தல்' என்று எழுதினால் இல்லாத ஒன்றை அவன் உடைப்பதாக ஆகும். 'அவைவிளி' அவனுக்கும் பொருந்தும், அர்கார்டுக்கும் பொருந்தும். ஒற்றை ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்றால், நூல் பாடியவர் தனியாகப் படிப்பவருக்கும் சேர்த்துத்தானே அவையடக்கம் பாடினார்.

சொல்தொகுப்பில் பதிவுக்கு வரைவு:

அவைநோக்கு – பாத்திரம் பேசாமல் பார்வையாளரை நோக்குதல். மற்றொரு பாத்திரத்தின் கண்வழிக் காட்சியில் லென்சைப் பார்ப்பது இதில் சேராது.

அவைவிளி – பாத்திரம் கதைக்குள் இருந்தபடியே பார்வையாளரிடம் பேசுதல். வினை: அவைவிளித்தல்.

சுவருடைப்பு – தான் ஒரு படைப்பினுள் இருப்பதைப் பாத்திரம் அறிந்து நடத்தல். 'நான்காம் சுவரை உடைத்தல்' இதற்கு இணைச்சொல். விமர்சனங்களில் மூன்றுக்கும் பொதுவாக வழங்குவதையும் குறிப்பில் சொல்லிவிடலாம்.

ஒன்று மிச்சம். 2001இல் பிபிசியில் தொடங்கிய 'தி ஆஃபீஸ்' போன்ற போலி ஆவணத் தொடர்களில் கேமராக் குழு கதைக்குள்ளேயே இருக்கிறது. ஊழியர் லென்சைப் பார்த்தால் அந்தக் குழுவைத்தான் பார்க்கிறார். அவைநோக்கின் கீழ் 'ஒப்பிடுக' என்று காட்டித் தனிப் பதிவாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 'குழுநோக்கு' சரிப்படுமா, படத்தொகுப்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.