மாலத்தீவுக்கு நீச்சலுடை, கூடவே ஒரு நல்ல சென்ட்: எதற்கு எவ்வளவு போடலாம்?

கொடிவேரிக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. கல்யாணமாகி 15 வருஷம் ஆகிறது, அதற்காக வருகிற தை மாசம் நானும் வீட்டுக்காரரும் மட்டும் ஐந்து நாள் மாலத்தீவு போகிறோம், பிள்ளைகள் இரண்டும் அம்மாயி வீட்டில் இருக்கும். எனக்கு வயசு 39, பிரசவம் இரண்டுமே சிசேரியன்.

தண்ணி எனக்குப் புதுசு இல்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைப்புருடை கட்டி இறக்கிவிட்டு அப்புச்சிதான் நீச்சல் பழக்கினார், இன்றைக்கும் கொடிவேரி அணைக்குப் போனால் கடைசியாகக் கரையேறுவது நான்தான். ஆனால் இத்தனை வருஷமும் பாவாடை, சுடிதார், நைட்டி இதோடுதான் குளித்திருக்கிறேன். இப்போது போகிற ரிசார்ட்டில் நீச்சல் குளத்துக்குள் காட்டன் துணியோடு இறங்கக் கூடாதாம், நீச்சலுடை கட்டாயம் என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள். சரி, வாங்குவதே ஒன்று, நல்லதாக வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் பெங்களூரில் இருக்கும் என் நங்கை எரெஸ், சிம்மர்மன் என்று வெளிநாட்டு பிராண்டுகளின் பெயர்களை அனுப்புகிறாள், விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதே மாதிரி இருப்பது இன்னொரு இடத்தில் 1,500 ரூபாய். இந்த வித்தியாசத்தில் உள்ளே உண்மையில் என்னதான் இருக்கிறது?

அப்புறம் ஒரு சென்ட். போன வருஷம் ஆன்லைனில் ஒரு கடையில் பெரிய பிராண்டு பெயர் போட்ட பாட்டில் பாதி விலைக்கு வாங்கினேன், அரை மணி நேரத்தில் வாசனை போய்விட்டது, முகூர்த்தப் பட்டுப் புடவை முந்தானையில் திட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து 25,000 வரை எடுத்து வைத்திருக்கிறேன். போடலாமா கூடாதா என்பதை நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்தாகிவிட்டது, அதனால் எது நல்லது என்று மட்டும் சொல்லுங்க.

ஓவர்லாக் எழுதியது:

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 17 வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன் அக்கா. நம் ஊர் காட்டன் பனியன் ஊர், நீச்சலுடை இங்கே குறைவுதான், இருந்தாலும் இரண்டு சீசன் அந்த ஆர்டரைக் கையில் வைத்து அல்லாடியிருக்கிறேன். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விலையில் முதல் பங்கு துணிக்கு. நல்ல நீச்சலுடைத் துணி பெரும்பாலும் நைலான் 80, எலாஸ்டேன் 20 என்கிற கணக்கிலோ அதை ஒட்டியோ இருக்கும். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிற வேலை அந்த எலாஸ்டேனுடையது, குளத்துக் குளோரின் முதலில் தின்பதும் அதைத்தான். மலிவுத் துணியில் எலாஸ்டேன் குறைவாக இருக்கும், இல்லை குளோரினுக்குத் தாங்காத ரகமாக இருக்கும். பத்து முறை குளத்தில் இறங்கியதும் பின்பக்கம் தொளதொளவென்று தொங்கிவிடும். சாயமும் அப்படித்தான். குளத்துத் தண்ணிக்குச் சாயம் நிற்கிறதா என்று பார்க்க ஐஎஸ்ஓ 105 இ03 என்று தனி டெஸ்டே இருக்கிறது, எங்களுக்கு ஒரு கருநீல ஷேடு அதில் இரண்டு முறை பெயிலாகி மூன்றாவது முறைதான் பாஸானது. 1,500 ரூபாய் உடைக்குப் பெரும்பாலும் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இரண்டாவது பங்கு கட்டிங்குக்கு. எரெஸ் பாரிஸில் 1968இல் தொடங்கிய கம்பெனி, 1996 முதல் ஷனேல் கையில் இருக்கிறது. அவர்கள் உடையைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், பெரும்பாலும் கம்பி கிடையாது, பேட் கிடையாது, பூவேலை கிடையாது, ஆனால் துணியின் இழுவையையும் வெட்டையும் வைத்தே உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். அது பெரிய வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். சிம்மர்மன் ஆஸ்திரேலியா, அங்கே காசு பிரிண்டுக்கும் டிசைனுக்கும் போகிறது. ஹன்சா ஜி என்று லண்டன்காரர்கள் ஒரே சைஸில் சுருக்கத் துணியில் செய்கிறார்கள், உடம்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அதுவே பொருந்தும். மூன்றுமே நல்ல சரக்கு. ஆனால் ஐந்து நாளுக்கு அந்த விலை வேண்டாம் அக்கா. 6,000 முதல் 9,000க்குள் நல்ல துணியில் ஒன்று கிடைக்கும். லேபிளில் எகோனைல் என்று இருந்தால் அது பழைய மீன்வலை, கார்ப்பெட் கழிவிலிருந்து இத்தாலிக்காரர்கள் திரும்ப எடுக்கிற நைலான், விலை உயர்ந்த பிராண்டுகள் பலவும் இதையே வாங்குகின்றன.

வந்ததும் உடையை உள்பக்கம் திருப்புங்கள். முன்பக்கம் மட்டும் லைனிங் இருந்தால் வெளிர் நிறம் எடுக்கவே எடுக்காதீர்கள், நனைந்தால் உள்ளே தெரியும். இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்துப் பாருங்கள், டப் என்று நூல் அறுகிற சத்தம் கேட்டால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். இழுத்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளையாகப் பல்லிளிக்கக் கூடாது.

ஸ்டைலைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒன் பீஸ்தான் என்பேன். வயிற்றுப் பக்கம் உள்ளே பவர் மெஷ் என்கிற இழுத்துப் பிடிக்கும் வலைத்துணி வைத்து வெளியே சுருக்கம் கொடுத்திருப்பார்கள், சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்தை அழுத்தாமல் பிடிக்கும். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற ஹால்டர் வேண்டாம், நன்றாக நீந்துகிறவர்களுக்கு அரை மணியில் கழுத்து வலி வந்துவிடும். அகலமான தோள்பட்டை, சதுரக் கழுத்து எடுங்கள். ரவிக்கை அளவை மட்டும் வைத்து சைஸ் சொல்லிவிடாதீர்கள், தோளில் டேப்பை வைத்து முன்பக்கமாக இறக்கிக் கால் இடுக்கு வழியாக முதுகேறி அதே தோளுக்குக் கொண்டுவந்து ஒரு சுற்றளவு எடுங்கள். ஒன் பீஸ் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த அளவில்தான்.

சம்பங்கித் தோட்டம் எழுதியது:

துணிக் கதையை அண்ணன் முழுசாகச் சொல்லிவிட்டார், நான் வாசனைக்கு வருகிறேன். சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் சம்பங்கியும் மல்லிகையும் இருக்கிறது. பொழுது விடியுமுன் மொக்காகப் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், விலை விழுந்த நாளில் மூட்டையோடு சென்ட் கம்பெனிக்குப் போகும். அங்கே கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி எடுப்பார்கள், ஒரு டன் பூ போட்டாலும் வருவது ஓரிரண்டு கிலோதான். அதைத் திரும்ப ஆல்கஹாலில் கழுவி எடுப்பதுதான் வெளிநாட்டு சென்ட்டுக்குப் போகிற சரக்கு. எங்கள் அம்மா நாற்பது வருஷமாகப் பறிக்கிற பூவின் வாசனையை நானே கண்ணாடிப் பாட்டிலில் முதல்முறை முகர்ந்தபோது கை நடுங்கியது. அன்றிலிருந்து இதிலேயே பைத்தியமாகிவிட்டேன், படித்துப் படித்து, முகர்ந்து முகர்ந்து ஆறு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் உங்கள் பழைய பாட்டில். அரை மணியில் போனது என்பதால் மட்டும் போலி என்று சொல்ல முடியாது. கொலோன் என்பதில் எண்ணெய்ச் சத்து மிகக் குறைவு, ஓ து துவாலெட் அதற்கு மேல், ஓ து பர்ஃபம் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம், எக்ஸ்ட்ரே அதற்கும் மேல். கொலோனை வாங்கிவிட்டு ஒரு நாள் முழுக்க எதிர்பார்த்தால் கிடைக்காது. நம் வெயிலில் எல்லாமே சீக்கிரம் பறக்கும், வறண்ட தோலில் இன்னும் சீக்கிரம். குளித்ததும் வாசனையில்லாத கிரீம் தடவி அதன்மேல் அடித்தால் கூட நேரம் நிற்கும். பட்டின் மேல் மட்டும் எப்போதுமே அடிக்காதீர்கள் அக்கா, அசல் சென்ட்டும் திட்டு வைக்கும். இருந்தாலும் பாதி விலை என்றால் நான் தொடவே மாட்டேன். கோவையில் மால்களில் நேராகக் கையில் அடித்துப் பார்க்கலாம், அங்கே போங்கள்.

எதை என்றால், கடற்கரைக்கென்றே தேங்காய் வாசனையில் எஸ்டே லாடரின் பிரான்ஸ் காடஸ், டாம் ஃபோர்டின் சொலே பிளான் மாதிரி நிறைய இருக்கின்றன, வெளிநாட்டில் அதற்குப் பெரிய மவுசு. நம் மூக்கு தேங்காய் எண்ணெயிலேயே வளர்ந்தது, உங்களுக்கு அதில் கடல் ஞாபகம் வராமல் தலைக்கு எண்ணெய் வைத்த ஞாபகம் வரலாம், அதனால் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஷனேல் நம்பர் 5, எர்னஸ்ட் போ 1921இல் செய்தது. அதில் ஆல்டிஹைடு என்கிற செயற்கை வாசனைச் சரக்கு தூக்கலாக இருப்பதால் முதல் பத்து நிமிஷம் உயர்ந்த சோப்பு மாதிரி வரும், அதைத் தாண்டினால்தான் மல்லி தெரியும். டியோரின் ஜாடோர் 1999, மல்லி ரோஜா எல்லாம் கலந்த பழவாசனை, பெரும்பாலும் யாருக்கும் முகம் சுளிக்காது. கெர்லானின் சம்சாரா 1989, மல்லியும் சந்தனமும், ராத்திரிக்கு அருமையாக இருக்கும், பகல் வெக்கைக்குத் திகட்டும்.

என் மனசுக்குப் பிடித்தது சம்பங்கி. இதைத்தான் அவர்கள் டியூபரோஸ் என்கிறார்கள். பிக்கே கம்பெனியின் ஃப்ரகா, 1948இல் ஜெர்மேன் செலியே என்கிற பெண்மணி செய்தது, வெண்ணெய் மாதிரி கனமாக இறங்கும். டொமினிக் ரோப்பியோன் 2005இல் செய்த கார்னல் ஃப்ளவர், ஈரத் தண்டு ஒடித்த பச்சை வாசனையோடு வரும், விலைதான் எட்டாது. உங்கள் பட்ஜெட்டுக்கு குச்சி ப்ளூம், ஆல்பெர்ட்டோ மொரில்லாஸ் 2017இல் செய்தது, சம்பங்கி, மல்லி, இரங்கூன் மல்லி மூன்றும் இருக்கிறது. 30 மில்லி, 50 மில்லி போதும், 100 மில்லி எடுத்தால் இரண்டு சித்திரை வெயில் பட்டதும் கெட ஆரம்பிக்கலாம். வெளிச் சுவரை ஒட்டி இருக்கிற இரும்பு பீரோவில் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். தண்ணிக்குப் போகுமுன் சென்ட் வேண்டாம். பெர்கமோட் என்கிற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் இருக்கிற சில சென்ட்டுகளோடு வெயிலில் நின்றால் கழுத்தில் ஒழுகிய கோடு மாதிரியே கருப்பு விழும், போக மாசக்கணக்கு ஆகும். பொழுதோடு குளித்து உடை மாற்றிய பிறகு போடுங்கள். அன்றைக்குத் தலையில் பூவும் வைத்தால் இரண்டில் ஒன்று போதும்.

கோவை நீச்சல் அம்மா எழுதியது:

மகள் ஏழு வருஷமாகக் குளத்தில் பயிற்சிக்குப் போகிறாள், அதனால் துவைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குளத்தில் இறங்குமுன் உடையை நல்ல தண்ணியில் முழுக்க நனைத்துவிடுங்கள், துணி முதலிலேயே குடித்துவிட்டால் குளோரின் தண்ணியைக் கம்மியாக இழுக்கும். வெளியே வந்ததும் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயப் போடுங்கள். வாஷிங் மெஷின் கூடாது.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் போர்த் தண்ணியில் இரும்பு இருந்தால், சன் ஸ்கிரீனில் இருக்கிற அவோபென்சோன் அதோடு சேர்ந்து துருக்கறை மாதிரி ஆரஞ்சு நிறத்தில் பிடிக்கும். மகளுடைய வெள்ளை பார்டர் உடை ஒன்று அப்படித்தான் போனது, பிளீச் போட்டதில் இன்னும் மோசமாகிவிட்டது. அடர்ந்த நிறம் எடுங்கள், ஆற்றுத் தண்ணியில் துவையுங்கள்.

ரிசார்ட் தீவுக்குள் எந்த நீச்சலுடையும் போட்டுக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் வாழ்கிற தீவுக்கோ மாலே நகரத்துக்கோ போனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஊர்க்காரர்கள் தீவுகள் சிலவற்றில் பிகினிக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். காப்தான் என்கிற தொளதொள அங்கியோ, இடுப்பில் சுற்றிக்கொள்கிற சரோங்கோ ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணு. அதற்கும் கடையில் காசு கொடுக்க வேண்டாம், பழைய சுங்குடிப் புடவையை வெட்டி ஓரம் அடித்தால் அதைவிட நன்றாக இருக்கும்.

கொடிவேரிக்காரி மறுபடியும் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு கருநீல உடை வந்தது, 5,200 ரூபாய். அண்ணன் சொன்ன மாதிரி திருப்பி இழுத்துப் பார்த்தேன், தொடைப் பக்கத் தையலில் டப் என்றது, அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இரண்டாவது பாக்குச் சிவப்பு, எகோனைல், முழு லைனிங், 7,800. தோளிலிருந்து எடுத்த சுற்றளவில் நான் நினைத்ததைவிட ஒரு சைஸ் பெரிது வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டு, உட்கார்ந்து எழுந்து, கையைத் தூக்கி வீசிப் பார்த்தேன், எங்கேயும் ஏறவில்லை, இறங்கவில்லை. தழும்பு மேல் அழுத்தமே இல்லை.

சென்ட்டுக்குக் கோவை போயிருந்தோம். ஒரு கையில் ஜாடோர், இன்னொரு கையில் ப்ளூம், வேறு எதையும் முகரவில்லை. பஸ்ஸில் அவிநாசி தாண்டும்போது ஜாடோர் மெலிந்துவிட்டது. ப்ளூம் வீடு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற வரைக்கும் இருந்தது, அப்போதுதான் வீட்டுக்காரர் வந்து நின்று "என்ன, சம்பங்கிப் பூ வாங்கினியா?" என்றார். சத்தித் தங்கச்சி, உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்க. மறு வாரம் போய் 50 மில்லி வாங்கிவிட்டேன், இரண்டுக்கும் சேர்த்துப் போக மீதிக் காசு கையில் இருக்கிறது.

அம்மாயியின் சுங்குடிப் புடவை ஒன்று சரோங்காகத் தையலில் இருக்கிறது. நாளைக்கு வெள்ளென, ஆள் நடமாட்டம் வருமுன், மோட்டார் ரூம் தொட்டியை நிரப்பி இந்த உடையோடு ஒரு முறை இறங்கிப் பார்க்கப் போகிறேன்.