நடு இரவில் வரும் விழிப்பு: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி
ஆறு மாதங்களாக இதே தொல்லை. இரவு 10 மணிக்குப் படுத்தவுடன் உறங்கிவிடுகிறேன். ஆனால் 3 மணிக்கு விழிப்பு வந்துவிட்டால், தலையணைக்கு அடியிலிருக்கும் கைப்பேசியை எடுத்து மணி பார்ப்பதும், விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவதுமாகவே மீதி இரவு கழிகிறது. அதை ஈடுகட்ட விடுமுறை நாளில் 10 மணி வரை உறங்குகிறேன். பகலில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தாலும் மனதில் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1
விழிப்பு வருவதே நோயன்று. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக நகரும் தூக்கத்தில், ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே முடிந்துவிடுவதால், பின்னிரவில் சிறு விழிப்புகள் எல்லோருக்கும் உண்டு. உங்கள் விழிப்பை நீட்டிப்பது அந்தக் கணக்குதான். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். சுமார் 20 நிமிடங்கள் (அதையும் மணி பார்த்து அளக்க வேண்டாம், குத்துமதிப்பு போதும்) தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் செருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

பதில் 2
மேலே சொன்னது சரி; எனினும் முதலில் திருத்த வேண்டியது விடுமுறை நாள் தூக்கம் என்பேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வந்து, அதுவே நம்மைத் தூக்கத்துக்குத் தள்ளுகிறது. 10 மணிக்கு எழுபவருக்கு அன்றிரவு அது போதுமான அளவு சேர்ந்திராது. ஏழு நாளும் ஒரே நேரத்தில் எழுந்து, உடனே வெளியே சென்று பகல் வெளிச்சத்தில் சற்று நடங்கள். உடலின் கடிகாரம் அந்த வெளிச்சத்தைக் கொண்டுதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. காபி குடிப்பவரா? காஃபின் அடினோசினை நீக்குவதில்லை, அடினோசின் அமர வேண்டிய இடத்தில் காஃபின் போய் அமர்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். படித்தது நினைவில் தங்குவதும் உறக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. ஆகவே உங்கள் பத்திச் சிக்கலில் வியப்பில்லை.

பதில் 3
ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டோம்: குறட்டை உண்டா? என் அண்ணன் இரண்டு ஆண்டுகள் படுக்கும் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. அவருடைய குறட்டை சட்டென நின்று, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குவதைக் கவனித்தவர் அண்ணிதான். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதை மருத்துவர்தான் பரிசோதித்துச் சொல்ல முடியும். காலைத் தலைவலியோ, நீங்காத மனச்சோர்வோ இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

கேட்டவர்
குறட்டை இல்லை என்று வீட்டில் உறுதியாகச் சொல்கிறார்கள். மாலை 6 மணிக் காபி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நாளை முதல் அது நின்றுவிடும். எழும் நேரம் எல்லா நாளும் 6 மணி. கடிகாரம் இப்போதே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.