அனமார்ஃபிக் லென்ஸுக்குத் தமிழ்ச்சொல்: மீளுருவா, குறுக்கமா, ஸ்கோப்பா?

கும்பகோணத்திலிருந்து, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்கான ஒளிப்பதிவுக் கையேடு வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஆறாம் பாடம் மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறது. மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் மாட்டி அனமார்ஃபிக் வீடியோ எடுப்பது பற்றிய பாடம் அது. நான்கு சொற்கள் வேண்டும். ஒன்று, அந்த லென்ஸின் பெயர். இரண்டு, அது படத்தை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்கிற அளவு. மூன்று, எடிட்டிங்கில் அதைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவரும் வேலை. நான்கு, அடாப்டர்.

இத்துறையில் இல்லாத உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கம். இந்த லென்ஸில் உருளை வடிவக் கண்ணாடிகள் இருக்கின்றன. அவை அகலவாக்கில் மட்டும் வேலை செய்யும், உயரத்தைத் தொடுவதில்லை. அதனால் சென்சாரில் விழும் படத்தில் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். எடிட்டிங்கில் அகலத்தை விரித்தால் எல்லாம் சரியாகி, அகலத்திரைப் படம் கிடைக்கும். 16:9 வீடியோவில் 1.33 மடங்கு லென்ஸ் போட்டால் 2.37:1 வரும். 2 மடங்கு போட்டால் 3.56:1 என்று நாடாபோல் ஆகிவிடும். அதனால் 2 மடங்குக்கு 4:3 அளவில் பதிவு செய்யும் கேமராவே ஏற்றது. அதில் 2.67:1 வரும், ஓரங்களைச் சற்று வெட்டினால் போதும்.

அடாப்டரும் இரண்டு வகை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவது ஒன்று. லென்ஸின் முன்னால் மாட்டும் உருளைக்கண்ணாடித் தொகுதி மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் மாணவர் குழம்பிவிடுவார்.

தஞ்சாவூரிலிருந்து, திங்கள் மாலை

மூலத்திலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் 'அனா' என்றால் திரும்ப, மீண்டும். 'மார்ஃபே' என்றால் உரு. ஐரோப்பிய ஓவியர்கள் ஓர் உருவத்தைக் கோணலாக நீட்டி வரைந்து, ஒரு குறிப்பிட்ட மூலையில் நின்று பார்த்தாலோ உருளை ஆடியை வைத்துப் பார்த்தாலோ அது சரியாகத் தெரியும்படி செய்தார்கள். ஹோல்பைன் 1533இல் வரைந்த ஓவியத்தில் தரையில் கிடக்கும் மண்டையோடு அப்படிப்பட்டது. உரு மீண்டு வருகிறது என்பதே சொல்லின் உயிர். ஆகவே 'மீளுரு வில்லை'. மீள் + உரு, வினைத்தொகை. மீண்ட உரு, மீள்கின்ற உரு, மீளும் உரு என்று முக்காலமும் அதில் அடங்கும்.

சிலர் 'உருத்திரி வில்லை' என்று எழுதி வருகிறார்கள். திரிபு என்பது பழுது. பழுதை ஒரு கருவியின் பெயராக்குவது கருவிக்குச் செய்யும் அநீதி.

இன்னொன்று. லகரம் மொழிக்கு முதலில் வராது. 'லென்ஸ்' வேண்டாம், 'வில்லை' இருக்கிறது. ஈழத்தில் பாடநூல்களிலேயே அது நிலைத்துவிட்டது.

மயிலாடுதுறையிலிருந்து, திங்கள் இரவு

ஐயாவுக்கு வணக்கம். 'உருத்திரி' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. காரணம் வேறு. நேர்க்கோடு ஓரத்தில் வளைவதை, பீப்பாய்போல் உப்புவதைத்தான் நாங்கள் உருத்திரிபு என்கிறோம். அனமார்ஃபிக் லென்ஸிலும் அந்தக் குறை தனியாக உண்டு. லென்ஸுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டால் குறையை எதனால் சொல்வது?

ஆனால் 'மீளுரு' என்பதும் லென்ஸ் செய்யும் வேலையைச் சொல்லவில்லை. லென்ஸ் நெருக்குகிறது. மீட்பது எடிட்டிங் மென்பொருள், அல்லது தியேட்டரில் புரொஜெக்டர் லென்ஸ். படப்பிடிப்பில் உதவியாளரிடம் 'மீளுருவை எடு' என்றால் எதை எடுப்பார்?

வில்லை பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே வில்லை என்றால் கற்பூர வில்லைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நம் பாடநூல்களில் லென்சு என்றே இருக்கிறது.

திருவையாற்றிலிருந்து, செவ்வாய் காலை

எல்லோரும் கிரேக்கத்துக்குப் போய்விட்டீர்கள். சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: குறுக்கம்.

பள்ளியில் படித்ததை நினைவுகூருங்கள். ஐகாரத்தின் இயல்பான அளவு இரண்டு மாத்திரை. 'வையம்' என்பதில் மொழி முதலில் வரும்போது ஒன்றரை மாத்திரையாகக் குறைகிறது. 'சமையல்', 'பறவை' என இடையிலும் கடையிலும் வரும்போது ஒரு மாத்திரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஒன்றரையானால் 1.33 மடங்குக் குறுக்கம். இரண்டு ஒன்றானால் 2 மடங்குக் குறுக்கம். கடையில் விற்கும் அடாப்டர்களில் அதிகம் கிடைப்பவை இந்த இரண்டு அளவுகள்தாம்! எழுத்து மாறவில்லை, ஐகாரம் ஐகாரமாகவே இருக்கிறது, அளவு மட்டும் ஒரு விதிப்படி குறைகிறது. லென்ஸ் செய்வதும் இதே வேலை. ஆள் ஆளாகவே இருக்கிறார், அகலம் மட்டும் ஒரு கணக்குப்படி குறைகிறது.

எனவே குறுக்க லென்ஸ், குறுக்க மடங்கு. 'விகிதம்' வடசொல் என்று யாரும் தொடங்குமுன் 'மடங்கு' என்று போட்டுவிட்டேன். 'குறுக்கு லென்ஸ்' என்று எழுத வேண்டாம். குறுக்கு வழி, குறுக்கு வலி என்று மனம் எங்கெங்கோ போகும். மரம் + வேர் மரவேர் ஆவதுபோல் குறுக்கம் + லென்ஸ் குறுக்க லென்ஸ்.

மன்னார்குடியிலிருந்து, செவ்வாய் மதியம்

மாத்திரைக் கணக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஸ்கோப். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. நம் பெரிய கோயிலைக் கட்டியவனின் கதையோடு இந்தத் தொழில்நுட்பம் தமிழுக்கு வந்தது. அன்றுமுதல் சுவரொட்டியில் படித்த சொல்லை, ஆபரேட்டரும் ரசிகரும் ஒன்றுபோல் சொன்ன சொல்லை ஒதுக்கிவிட்டு, ஐகாரக்குறுக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் சொல்லை எதற்கு உருவாக்க வேண்டும்? 'ஸ்கோப் லென்ஸ்' என்று எழுதுங்கள், திருத்துறைப்பூண்டியில் திருமண வீடியோ எடுப்பவருக்கும் புரியும்.

மயிலாடுதுறையிலிருந்து, செவ்வாய் இரவு

ஸ்கோப் எல்லோருக்கும் புரியும், உண்மை. ஆனால் அது திரையின் வடிவத்துக்கான பெயராகிவிட்டது. சாதாரண லென்ஸில் எடுத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டாலும் 'ஸ்கோப்' என்றே சொல்கிறார்கள். பாடம் சொல்ல வருவதே அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை. பட்டை போட்டால் சென்சாரின் உயரத்தில் கால்பங்கு வீணாகிறது. நெருக்கி எடுத்தால் முழு உயரமும் பயன்படுகிறது. பின்னால் மங்கும் விளக்குகள் நெட்டை முட்டைகளாக நிற்கின்றன, எதிரே வரும் வெளிச்சம் கிடைக்கோடாக நீள்கிறது.

சொல்லைத் தேர்வதற்குமுன் வேலை எங்கே கெடுகிறது என்று பார்க்கலாம். அங்கேதான் சொல் தேவைப்படுகிறது. முதல் இடம் நடு அடாப்டர். எம்42 என்கிற பழைய திருகு லென்ஸின் இருக்கைத் தூரம், அதாவது லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து சென்சார்வரை உள்ள தூரம், 45.46 மில்லிமீட்டர். சோனி கேமராவின் ஈ மவுண்டில் அது 18. ஆகவே அடாப்டர் சரியாக 27.46 மில்லிமீட்டர் தடிப்பு இருக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகும்? 50 மி.மீ. லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி வைத்தாலும் அது 25 மீட்டரிலேயே நின்றுவிடும். தனி லென்ஸில் இதைச் சமாளிக்கலாம். முன்னால் 2 மடங்குத் தொகுதியை அதன் முடிவிலியில் வைத்து மாட்டினால், நெடுக்குவாக்கில் 25 மீட்டரில் கூர்மை, குறுக்குவாக்கில் 6.25 மீட்டரில் கூர்மை. குறுக்கில் குவியத்தூரம் பாதி என்பதால் தூரம் நான்கில் ஒன்றாகிறது. கோபுரத்தின் கிடைவரிகள் ஓரிடத்தில் தெளியும், தூண்கள் வேறிடத்தில் தெளியும், இரண்டும் சேர்ந்து ஒருபோதும் தெளியா. மாணவர்கள் முன்கண்ணாடி மோசம் என்று நினைப்பார்கள். குற்றம் பின்னால் இருக்கும் வளையத்தில். வளையத்தின் தடிப்பு குறைந்திருந்தால் மெல்லிய ஷிம் தகடு வைத்தும், கூடியிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்தும் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது அச்சு, அதாவது முன்தொகுதி படத்தை நெருக்கும் திசை. இருட்டறையில் கேமராவை முக்காலியில் மட்டம் பார்த்து நிறுத்தி, எதிரே செல்போன் டார்ச்சை வையுங்கள். ஒளிக்கோடு சட்டத்தின் கீழ்விளிம்புக்கு இணையாக ஓடும்வரை முன்தொகுதியைச் சுழற்றிவிட்டுக் கிளாம்ப் திருகை இறுக்குங்கள். அகல் விளக்கு இதற்கு ஆகாது, சுடர் பெரிது, கோடு மங்கலாகும். அச்சு சற்றே சாய்ந்தாலும், விரித்தபின் நிமிர்ந்து நிற்கும் ஆள் சாய்ந்து தெரிவார். ஃபோகஸ் திருப்பும்போது முன்வளையம் சுழலும் லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் அச்சு கெடும்.

பழைய புரொஜெக்டர் தொகுதிகளை மாட்டினால், தொகுதியின் வளையம், பின்னால் உள்ள லென்ஸின் வளையம் என இரண்டு ஃபோகஸ் வளையங்களையும் ஒரே தூரத்துக்கு வைக்க வேண்டும். நடந்து வரும் ஆளுக்கு இது நடக்காத காரியம். இரண்டையும் முடிவிலியில் வைத்து, முன்னால் +0.5 குளோசப் கண்ணாடி போட்டால் 2 மீட்டரில் கூர்மை, +1 போட்டால் 1 மீட்டரில். அகலக்கோண லென்ஸைப் பின்னால் வைத்தால் மூலைகள் இருண்டுவிடும். 2 மடங்குத் தொகுதிக்கு முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் ஏறக்குறைய 85 மி.மீ.க்குக் கீழே போக முடிவதில்லை. லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப்4 அளவுக்குச் சுருக்கினால் கூர்மை நன்றாக ஏறும். எடை முன்பக்கம் இழுக்கும், அதைத் தாங்க 15 மி.மீ. கம்பித் தாங்கி கட்டாயம், இல்லாவிட்டால் மவுண்ட் ஆடிப்போகும். கேமராவுக்குள் கை ஆட்டத்தை ஈடுசெய்யும் நிலைப்படுத்தியை அணைத்துவிடுங்கள். அது லென்ஸை இரு வாக்கிலும் 50 மி.மீ. என்று நினைத்துக் குறுக்கில் இரு மடங்கு ஈடுசெய்து, படத்தைத் தளும்ப விடும்.

இவ்வளவும் எழுதியபோது 'குறுக்கில்', 'நெடுக்கில்' என்ற சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. எனவே என் வாக்கு குறுக்கத்துக்கு.

ஆடுதுறையிலிருந்து, புதன் காலை

திருபுவனத்துத் தறியை வைத்துச் சொன்னால் வகுப்பில் உடனே புரியும். பாவின் நீளம் அப்படியே இருக்கிறது, ஊடையின் வாக்கில் மட்டும் துணி ஒடுங்குகிறது. சொல்லாக்க வேண்டாம், விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது நடு அடாப்டருக்காக. பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்கிறார்கள். குழலுக்கும் சீவாளிக்கும் நடுவில் ஒரு சிறு உலோகத் துண்டு செருகுவார்கள். அதற்குப் பெயர் கெண்டை. ஊதுவதும் அதுவல்ல, ஒலிப்பதும் அதுவல்ல, ஆனால் அது சரியாக உட்காராவிட்டால் சுருதி நிற்காது. மேலே சொன்ன 0.1 மில்லிமீட்டர்க் கதை அப்படியே இதுதான். நடு அடாப்டருக்குக் 'கெண்டை', முன்னால் மாட்டுவதற்கு 'முன்தொகுதி'. குழப்பமே இராது.

தஞ்சாவூரிலிருந்து, புதன் மாலை

கெண்டையை மீன் என்றுதான் படிப்பார்கள். 'பொருத்தி' போதும்.

குறு என்ற வேர் நம் மண்ணின் வேர் என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புகிறேன். குறுகிய காலத்தில் விளைவதால் குறுவை. குறுணி, குறில், குறள், குறும்பலகை எல்லாம் அதன் கிளைகள். ஆனால் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தவர் முழுவதும் அழைக்க வேண்டும். ஐகாரக்குறுக்கத்தில் குறுகிய மாத்திரை பிறகு மீள்வதில்லை. 'பறவை' என்றும் ஒரு மாத்திரையோடுதான் நிற்கும். இந்த லென்ஸில் மீளாவிட்டால் படமே இல்லை. குறுக்கம் பாதி உண்மையைச் சொல்கிறது. மீளுரு முழு உண்மையைச் சொல்கிறது.

மூன்றாவது சொல்லிலும் கவனம் வேண்டும். நன்னூலார் செய்யுள் விகாரங்களை அடுக்கும்போது குறுக்கலுக்கு இணையாக நீட்டலையும், தொகுத்தலுக்கு இணையாக விரித்தலையும் வைத்தார். குறுக்கம் என்று ஒன்றை ஏற்றால் மற்றொன்று 'நீட்டல்' ஆக வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து, புதன் இரவு

ஐயா, மீளுவதில்லை என்ற மறுப்பு வலுவானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'நீட்டல்' எடிட்டிங் மேசையில் ஆபத்து. அங்கே ஒரு துண்டை நீட்டு என்றால் அதன் நேரத்தைக் கூட்டு என்று பொருள். மாணவர் 10 நொடிக் காட்சியை 13 நொடியாக்கிக் கொண்டுவருவார். 'விரித்தல்' என்றால் அகலம் என்று கேட்டவுடன் தெரியும்.

நடைமுறையில் இரண்டு வழி உண்டு: 3840×2160 காட்சியில் அகலத்தை 1.33 மடங்காக்கலாம், அல்லது அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை 1620 ஆகக் குறைக்கலாம். இரண்டாவது வழியில் எதுவுமே விரிவதில்லை என்று யாராவது எழுதுவதற்குமுன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அளவைச் சரிபார்க்க வட்டமான எவர்சில்வர் தட்டை எதிரே வைத்து எடுங்கள். விரிக்குமுன் திரையில் தட்டின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு தெரியும். தூரத்தில் ஒருமுறை, மிக அருகில் ஒருமுறை அளக்க வேண்டும். பல தொகுதிகளில் அருகே வரவர மடங்கு குறையும். அதைத் தெரியாமல் ஒரே அளவில் விரித்தால், அண்மைக்காட்சியில் முகம் மட்டும் உப்பித் தெரியும்.

மன்னார்குடியிலிருந்து, வியாழன் காலை

ஒரு கேள்வி. கைபேசியில் பார்ப்பதற்காகக் கேமராவை நட்டுக்குத்தலாகத் திருப்பி எடுக்கிறார்கள். அப்போது லென்ஸ் உயரத்தை நெருக்கும். அதுவும் 'குறுக்க' லென்ஸ்தானா?

திருவையாற்றிலிருந்து, வியாழன் மதியம்

ஆம், அதுவும் அதேதான். குறுக்கம் என்றால் குறைத்தல். திசை அந்தச் சொல்லில் இல்லை. அதனால்தான் 'கிடைக்குறுக்கம்' என்று நான் எழுதவில்லை. கிடை என்று எழுதியிருந்தால் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் சேர்ந்து நினைவுக்கு வந்திருக்கும்.

கும்பகோணத்திலிருந்து, வெள்ளி காலை

நேரம் முடிந்துவிட்டது. எழுதியவர்களில் இரண்டு பேர் குறுக்கத்துக்கு, ஒருவர் ஸ்கோப்புக்கு, ஒருவர் மீளுருவுக்கு. கையேட்டில் இப்படிப் போகிறது: பாடத்தின் தலைப்பில் மட்டும் 'ஸ்கோப் படமெடுக்கும் குறுக்க லென்ஸ்', அதன்பின் 'குறுக்க லென்ஸ்'. 'குறுக்க மடங்கு'. 'விரித்தல்'. முன்னால் மாட்டுவது 'முன்தொகுதி', நடுவில் மாட்டுவது 'பொருத்தி'. தறி உவமையும் தட்டுச் சோதனையும் அப்படியே சேர்ந்துவிட்டன. தஞ்சை ஐயாவின் மறுப்பைப் பாடத்தின் முடிவில் வகுப்பு விவாதத்துக்கான கேள்வியாக வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி மாலை

கேள்வியாகவாவது வைத்ததற்கு நன்றி. இரண்டாம் பதிப்புக்குமுன் மறுபடி எழுதுவேன். 'குறுக்க லென்ஸ்' என்பதில் லகரத்துக்குமுன் ஓர் இகரம் சேர்த்து 'இலென்சு' என்றாவது அச்சிட இன்னும் நேரம் இருக்கிறதா?

ஆடுதுறையிலிருந்து, வெள்ளி இரவு

கெண்டையையும் அப்போது மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.