ஜெர்மனியில் வாரத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் பலரும் என்னிடம் சொல்வது, "வேலை நேரம் குறைவுதான், ஆனாலும் எதற்கும் நேரம் போதவில்லை" என்பதுதான். ஊரில் மிச்சமிருக்கும் வேலையை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியே பழகிவிட்டோம். இங்கே அது நடக்காது.

ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1949இல் வந்த இன்றைய சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் சூப்பர் மார்க்கெட் திறக்காது. பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும். அதை விட்டால் பெட்ரோல் பங்க், பெரிய ரயில் நிலையக் கடைகள். நான் மியூனிக் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் அரிசி வாங்கலாம் என்று கிளம்பி, கடைசியில் ரயில் நிலையத்தில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கித் திரும்பினேன்.

இப்போது மளிகை வியாழன் மாலையில். சனிக்கிழமைக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. மியூனிக்கில் கடைகளை இரவு 8 மணிக்கே அடைத்துவிடுவார்கள் என்பதால் அன்று மட்டும் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பிவிடுவேன். விடுமுறை நாட்களையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகஸ்ட் 15 மியூனிக்கில் விடுமுறை, பெர்லினில் இல்லை.

இட்லி மாவுக்குச் சனிக்கிழமை காலையில் ஊறப்போட்டு மாலைக்குள் அரைத்துவிடுங்கள். ஞாயிறு முழுக்க அமைதி காக்க வேண்டிய நாள். கிரைண்டர் சத்தம், சுவரில் துளை போடுவது எல்லாம் பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பில்தான் முடியும். இரவு 10 மணிக்கு மேலும் அப்படித்தான். குளிர்காலத்தில் மாவு பொங்க, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

டாக்டர், அரசு அலுவலகம் இரண்டுக்கும் வார நாள் காலை நேரத்தை ஒதுக்குங்கள். புதன், வெள்ளி மதியத்துக்கு மேல் பல கிளினிக்குகள் இருக்காது. செவ்வாய் இரவு அரை மணி நேரம் தபாலுக்கு. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இங்கே முக்கியமான எல்லாம் கடிதமாகத்தான் வரும். அரசு முடிவை எதிர்த்து மனு போடப் பெரும்பாலும் ஒரு மாதம்தான் தருவார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டால் ஞாயிறு உங்களுடையது. அன்று எதையும் எழுதி வைக்காதீர்கள், வீட்டுக்குப் போன் பேசுவதைத் தவிர. வார நாளில் வேலை முடிந்து கூப்பிட்டால் ஊரில் தூங்கியிருப்பார்கள். நான் ஞாயிறு காலை 10 மணிக்குப் பேசுகிறேன். கோடையில் அங்கே மதியம் 1.30, அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து அதே அழைப்பு அங்கே 2.30க்குத்தான் போகும். முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாவம், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.